புல்லும் பாறையும் கொஞ்சம் தண்ணீரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 பின்வரிசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மட்டும் ஒரு வணக்கம். நாலு வருஷமும் நான் அங்கேதான் இருந்தேன்.

செயலாளர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "தம்பி, அமெரிக்காவில் வேலை வாங்குவது எப்படி, விசா எடுப்பது எப்படின்னு பேச நிறைய ஆள் இருக்கு. நீ அங்கே சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றிப் பேசு. பையன்க கொஞ்சம் சந்தோஷமா கேப்பாங்க" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நயாகரா, கிராண்ட் கேன்யன், டிஸ்னி என்று எதிர்பார்த்து வந்தவர்களை முதலிலேயே எச்சரித்து விடுகிறேன். நான் பேசப்போவது புல்லைப் பற்றி. புல், பாறை, நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். கடைசியில் நம் கல்லூரி நிலம் ஒன்றைப் பற்றி ஒரு விண்ணப்பமும் வைத்திருக்கிறேன். அதனால் டீ வந்ததும் யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

காற்று வீசும் மூலை

நான் மெக்கானிகல் பிரிவில் படித்தவன். காற்றாலைப் பராமரிப்பு என் தொழில். முதலில் சில வருஷம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வேலை பார்த்தேன். அப்புறம் கம்பெனி என்னை அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு அனுப்பியது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் சூ ஃபால்ஸ் என்று ஒரு நகரம். அங்கே நான்கு வருஷம் குடும்பத்தோடு இருந்தேன். ஊரை விட்டுக் கிழக்கே கால் மணி நேரம் கார் ஓட்டினால் மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலை வந்துவிடும். அந்த மூலையில் பஃபலோ ரிட்ஜ் என்று ஒரு நீண்ட மேடு. பனியுகத்தில் பனிப்பாளங்கள் சுமந்துவந்து விட்டுப்போன மண்ணும் கல்லும்தான் அந்த மேடு. பார்த்தால் மலை என்று சொல்லவே மாட்டீர்கள். ஆனால் காற்றுக்கு அது போதும். 1994-ல் அங்கே 73 காற்றாலைகள் நிறுத்தினார்கள். எல்லாம் சேர்ந்து 25 மெகாவாட். இன்றைக்கு வரும் பெரிய மெஷின்களில் ஏழெட்டு இருந்தால் அந்த 25 மெகாவாட் வந்துவிடும். அதன்பின் மேடு முழுக்கக் காற்றாலைகள் வந்துவிட்டன.

வாரத்தில் ஐந்து நாள் காற்றோடு மல்லுக்கட்டுவேன். சனி ஞாயிறு நடை. கலிபோர்னியாவில், டெக்ஸாஸில் இருக்கும் நம் நண்பர்கள் போனில், "அந்தப் பக்கம் பார்க்க என்னடா இருக்கு? விமானத்தில் போகும்போது கீழே பார்த்திருக்கேன், கட்டம் கட்டமா வயல்தான்" என்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இந்த நிலத்தைக் காலால் பார்க்க வேண்டும்.

நூறில் ஒரு பங்கு

ப்ரெய்ரி என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். புல்வெளி என்றுதான் அர்த்தம். மரம் அதிகமில்லாமல், அடிவானம் வரைக்கும் புல்லாகவே கிடந்த நாடு அது. கிழக்குப் பக்கம் மழை கொஞ்சம் அதிகம் என்பதால் புல் ஆள் உயரத்துக்கு வளரும். பிக் ப்ளூஸ்டெம் என்று ஒரு புல் இருக்கிறது. கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் மாதிரி இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அது என் தலைக்கு மேலே நிற்கும். அதன் வேரோ இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று கீழே போகும். நாம் பார்க்கிற புல் கொஞ்சம்தான். பெரும்பகுதி தரைக்கு அடியில்.

இதனால்தான் அந்தப் புல் தீயில் அழிவதில்லை. மரத்துக்கு வளரும் நுனி மேலே இருக்கிறது. நெருப்பு வந்தால் போச்சு. புல்லுக்கு வளரும் இடம் மண்ணுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. மேலே எரிந்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். நெருப்பு, வறட்சி, மேய்ச்சல் மூன்றும் சேர்ந்துதான் அந்த நாட்டைப் புல்வெளியாகவே வைத்திருந்தன. இன்றைக்கும் பூங்காக்காரர்கள் சில வருஷத்துக்கு ஒரு தடவை, காற்றும் ஈரமும் பார்த்து, ஆள் நிறுத்தித் தாங்களே தீ வைக்கிறார்கள். ஏப்ரலில் கருகிக் கிடந்த ஒரு சரிவை ஜூனில் போய்ப் பார்த்தேன். பக்கத்துச் சரிவை விடப் பச்சையாக இருந்தது.

கிழக்கிலிருந்து முதலில் வந்த குடியானவர்களில் சிலர், மரமே வளராத மண்ணில் பயிர் எங்கே வளரப்போகிறது என்று சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். உழுது பார்த்தால் அந்த வேர்ப் பின்னலில் பழைய கலப்பை ஓடவில்லை. மண் கொழுவில் அப்பிக்கொண்டது. 1837-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகுக் கொழு போட்டுக் கலப்பை செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் கேட்க வேண்டுமா? மின்னசோட்டாவில் மட்டும் ஒரு காலத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் ப்ரெய்ரி இருந்தது. இன்று மிச்சம் நூறில் ஒரு பங்கு சொச்சம். மற்றதெல்லாம் மக்காச்சோளம், சோயா. அதைக் குறை சொல்லவில்லை. அந்த மண்தான் உலகத்துக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்த மண்ணைச் செய்தது புல் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான வருஷம் வேர் மக்கி மக்கித்தான் அது கறுப்பானது.

ஒரு ஜூன் மாதம் என் அம்மா வந்திருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. முதல் தடவை ப்ரெய்ரிக்குக் கூட்டிப்போனேன். காரை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தார்கள். "ஏய்யா, இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த? நம்ம ஊர்ல இல்லாத புல்லா?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது. கொஞ்ச தூரம் நடந்தோம். பூங்கா வேலி ஓரம் பக்கத்து வயலில் உழவு ஓட்டியிருந்தார்கள். அம்மா வேலிக்கடியில் கைவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார்கள். "நம்ம கரிசல் மாதிரில்லா இருக்கு! ஆனா நம்மது களி, பிசுபிசுங்கும். இது பொலபொலன்னு இருக்கே. என்ன எரு போடுதாங்க?" என்று கேட்டார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற புல்லைக் காட்டினேன். அதற்குமேல் எனக்கு வேலையில்லை. அன்று சாயங்காலம் வரை அம்மாதான் முன்னால் நடந்தார்கள். இது கோரை மாதிரி, இது ஊசிப்புல் மாதிரி, இதை மாடு தின்னாது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

நீல மேடு

நாங்கள் போயிருந்த அந்த இடத்தின் பெயர் ப்ளூ மவுண்ட்ஸ் மாநிலப் பூங்கா. லூவெர்ன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், சூ ஃபால்ஸிலிருந்து 50 கிலோமீட்டர். தூரத்திலிருந்து, அதுவும் சாயங்காலத்தில், அந்த மேடு நீலமாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர். கிட்டே போனால் ரோஜா நிறப் பாறை! கிழக்குப் பக்கம் ஒன்றரை மைல் நீளத்துக்குச் செங்குத்தான சுவர். சில இடத்தில் 100 அடி வரை உயரம்.

அந்தப் பாறைக்கு சூ குவார்ட்சைட் என்று பெயர். சுமார் 160 கோடி வருஷத்துக்கு முன்னால் தண்ணீரில் படிந்த மணல், இறுகி இறுகிப் பாறையானது. இரும்புத் துரு கலந்ததால் சிவப்பு. சில இடத்தில் குனிந்து பார்த்தால், ஓடைப் படுகையில் தண்ணீர் போட்டுவிட்டுப் போகுமே வரிவரியாக, அந்த வரிகள் அப்படியே கல்லில் இருக்கும். தாமிரபரணி மணலில் காலையில் பார்க்கிற அதே வரி. என் மகள் அதன்மேல் விரலை வைத்து, "அப்பா, தண்ணி எங்கே போச்சு?" என்று கேட்டாள்.

பாறை இருந்ததால்தான் அங்கே புல் தப்பித்தது. கலப்பை ஏறாத நிலம். சுமார் 1,500 ஏக்கர் புல்வெளி அப்படி மிஞ்சியிருக்கிறது. அதன் நடுவே இருபது கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதை. பாறை இடுக்கில், நம்பமாட்டீர்கள், சப்பாத்திக்கள்ளி! குளிர்காலத்தில் பனிக்கடியில் சுருங்கிப் படுத்துக் கிடந்துவிட்டு, ஜூன் ஜூலையில் மஞ்சளாகப் பூக்கிறது.

வேலிக்குள்ளே பைசன் மந்தை இருக்கிறது. நம் காட்டெருமை இனத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த மிருகம். 1880-களின் கடைசியில் வட அமெரிக்கா முழுவதுமே ஆயிரம் சொச்சம்தான் மிச்சம். தோலுக்காகவும், அதை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்களை ஒடுக்குவதற்காகவும் சுட்டுத் தள்ளினார்கள். இந்தப் பூங்காவில் 1961-ல் நெப்ராஸ்காவிலிருந்து மூன்றே மூன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற மந்தை அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

மேட்டின் தெற்குக் கோடியில் ஒரு கல்வரிசை இருக்கிறது. 1,250 அடி நீளம், கிழக்கு மேற்காக. இரவும் பகலும் சமமாக இருக்கிற நாளில், மார்ச்சில் ஒரு தடவை செப்டம்பரில் ஒரு தடவை, சூரியன் அந்த வரிசைக்கு நேராக எழுந்து நேராக விழும். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நம் சிவில் நண்பர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பூங்காவில் மவுண்ட் க்ரீக் என்ற ஓடையைத் தடுத்து அணை கட்டி, குளிக்கவும் மீன்பிடிக்கவும் ஏரி வைத்திருந்தார்கள். 2014 ஜூனில் பெருமழை. கீழ் அணை உடைந்து ஏரி காலி. திரும்பக் கட்டலாமா என்று விவாதம் நடந்தது. கடைசியில் அணை வேண்டாம், ஓடை ஓடையாகவே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஏரியில் நீச்சல் பழகியவர்களுக்கு இன்னும் வருத்தம்தான்.

கல் எடுக்கும் இடம்

லூவெர்னிலிருந்து வடக்கே 40 கிலோமீட்டர் போனால் பைப்ஸ்டோன். புகைக்குழாய்க் கல் என்று அர்த்தம். கடினமான குவார்ட்சைட் பாறைக்கு அடியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கல் அடுக்கு ஓடுகிறது. களிமண் இறுகியது. நகத்தை விடக் கொஞ்சம்தான் கெட்டி. கத்தியால் செதுக்கலாம். பல குடிகளைச் சேர்ந்த பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து அந்தக் கல்லை எடுத்து, பிரார்த்தனைக்கான புகைக்குழாய் செய்திருக்கிறார்கள். 1836-ல் ஜார்ஜ் காட்லின் என்ற ஓவியர் வந்து பார்த்து எழுதினார். அதனால் கல்லுக்கே காட்லினைட் என்று பெயர் வந்துவிட்டது. காலங்காலமாக எடுத்தவர்கள் இருக்க, பார்த்துவிட்டுப் போனவர் பெயர்!

1937-ல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அரசாங்கம் அங்கீகரித்த பூர்வகுடியில் பதிவானவர்கள் மட்டும்தான் அனுமதி வாங்கிக் கல் எடுக்கலாம். அனுமதிக்குப் பல வருஷம் காத்திருக்கிறார்கள். கையால்தான் எடுக்க வேண்டும். சம்மட்டி, ஆப்பு, கடப்பாரை, அவ்வளவுதான். அந்த அடுக்கு கிழக்கே சாய்ந்து இறங்குவதால், உள்ளே போகப்போக மேலே உடைக்க வேண்டிய பாறை அதிகமாகிக்கொண்டே போகும். வசந்தத்தில் குழியில் தண்ணீர் நிரம்பிவிடும். கோடைக் கடைசியில்தான் வேலை நடக்கும்.

ஒரு குழியோரம் ஒரு பெரியவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். மெக்கானிகல் புத்தி சும்மா இருக்குமா? மெஷின் வைத்து உடைத்தால் ஒரு நாளில் முடியுமே, அதற்கு அனுமதி கேட்கக்கூடாதா என்றேன். அவர் சிரித்தார். "ஒரு நாளில் முடித்துவிட்டு நான் எங்கே போக வேண்டும்?" என்றார்.

அங்கே வட்டப்பாதை என்று ஒரு நடைபாதை. முக்கால் மைல்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து என்னால் முடித்ததில்லை. புல்வெளியில் ஆரம்பித்து, குழிகளைத் தாண்டி, ஓக் மரங்களுக்கு நடுவே போனால் திடீரென்று தண்ணீர்ச் சத்தம். சமவெளியில் அருவியா என்று தோன்றும். பைப்ஸ்டோன் க்ரீக் என்ற ஓடை அந்தச் சிவப்புப் பாறைச் சுவரிலிருந்து குதிக்கிறது. வின்னேவிசா அருவி. குற்றாலத்துப் பேரருவிக்கு முன்னால் குழந்தை. ஆனால் வெட்டவெளியில் அரை மணி நேரம் நடந்தபின் அந்தச் சத்தம் கேட்க வேண்டும். மரக்கிளைகளில் பிரார்த்தனைத் துணிகள் கட்டியிருக்கும். அவற்றைத் தொடாமல், படம் எடுக்காமல் போவதுதான் மரியாதை. நம் ஊரில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டியிருந்தால் நாம் கைவைப்போமா, அது போலத்தான்.

அந்த அருவி முன்னே இன்னும் உயரமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேலே இருக்கும் நிலத்தில் தண்ணீர் வடிந்தால் விவசாயம் பண்ணலாம் என்று அருவியின் உச்சிப் பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்குப் போட்டவர்களுக்கு அது அருவி இல்லை. வடிகாலில் ஓர் அடைப்பு.

ஒரு நாள் வெள்ளம்

இனி சூ ஃபால்ஸ். நாங்கள் இருந்த ஊர். பிக் சூ என்ற ஆறு நகரத்தின் நடுவிலேயே அதே ரோஜா நிறப் பாறைமேல் படிப்படியாக மொத்தம் 100 அடி இறங்குகிறது. சராசரியாக விநாடிக்கு 7,400 காலன் என்று நகரத்தார் சொல்கிறார்கள். நம் கணக்கில் 28,000 லிட்டர். மாணவர்கள் மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 கன மீட்டர், 30 மீட்டர் இறக்கம். காகிதத்தில் 8 மெகாவாட் வருகிறதா? அன்றைக்கும் யாரோ இப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

அருவிக்கரையில் ஒரு பெரிய கல்கட்டடத்தின் மிச்சம் நிற்கிறது. குவீன் பீ மாவு மில். ஏழு மாடி. 1881-ல் திறந்தார்கள், 1883-ல் மூடினார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். பெட்டிக்ரூ என்று ஒருவர், பிறகு செனட்டராகவும் ஆனவர், நியூயார்க்கிலிருந்து ஒரு முதலாளியை அழைத்துவந்தார். அவர் வருவதற்கு முன்பே மேலே ஆற்றைத் தடுத்துத் தண்ணீரைத் தேக்கிவைத்து, அவர் அருவிக்கு முன்னால் நிற்கும்போது திறந்து விட்டாராம். வெள்ளம் பொங்கியது, முதலாளி மயங்கினார், மில் எழுந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அன்றாடம் வரும் தண்ணீர் மில்லை ஓட்டக் காணாது என்று. அரைக்கப் போதுமான கோதுமையும் வரவில்லை. கதை எவ்வளவு உண்மையோ, மில் இரண்டே வருஷத்தில் மூடியது உண்மை. 1956-ல் தீ வேறு பிடித்தது. அதே கரையில் 1908-ல் கட்டிய நீர்மின் நிலையம் இப்போது காபிக்கடை. ஜன்னலோரம் உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். பில்டர் காபியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு ஜோடியாக இன்னொரு கதை, இது உறுதியானது. கிழக்கே நான்கு மணி நேரப் பயணத்தில் மினியாபொலிஸ் நகரம். அங்கே மின்னஹாஹா என்று 53 அடி அருவி. சிரிக்கும் தண்ணீர் என்று பலர் அர்த்தம் சொல்வார்கள். டகோட்டா மொழியில் விழும் தண்ணீர், அதாவது அருவி என்றுதான் பொருள். லாங்ஃபெல்லோ என்ற கவிஞர் 1855-ல் வெளிவந்த காவியத்தில் அதன் பெயரை வைத்து உலகப்புகழ் ஆக்கினார். அவர் அந்த அருவியைப் பார்த்ததே இல்லை! 1964 ஜூனில் ஜனாதிபதி ஜான்சன் அதைப் பார்க்க வந்தார். அந்த வருஷம் வறட்சி. அருவியில் தண்ணீர் இல்லை. ஜனாதிபதி வந்து வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போவதா? மேலே தெருக்களில் இருக்கும் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு அருவியை ஓட வைத்தார்கள். தலைவர் வருகிறார் என்றால் தார் ரோடு போடுவது நம் ஊரில் மட்டும் என்று நினைத்தீர்களா?

சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் நம் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு காற்றாலை நிறுத்துவதற்கு முன்னால் அந்த இடத்தில் உயரமான கம்பம் நட்டு, காற்றின் வேகத்தையும் திசையையும் குறைந்தது ஒரு வருஷம் அளப்போம். ஆடிக் காற்றை மட்டும் பார்த்துவிட்டு மெஷின் போட்டால், மார்கழியில் முதலாளி நம்மைத் தேடி வருவார். ப்ரெய்ரியைப் பார்த்து மரமில்லை, வெற்று நிலம் என்றவர்களும், அருவியைப் பார்த்து அடைப்பு என்றவர்களும், வெள்ளத்தைப் பார்த்து மில் கட்டியவர்களும் செய்தது ஒன்றுதான். ஒரு நாள் பார்த்ததை வைத்து நிலத்துக்கு விலை போட்டார்கள்.

போகிறவர்களுக்கு

நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பக்கம் இருப்பதால் சில குறிப்புகள். அருவிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம். பனி உருகும், மழை பெய்யும். உயரப் புல் பார்க்க ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். ஒரு சனி ஞாயிறு போதும். சூ ஃபால்ஸில் ஆரம்பித்து, லூவெர்ன், பைப்ஸ்டோன் பார்த்து, திரும்பும் வழியில் கேரட்சன் ஊரில் பாலிசேட்ஸ் பூங்காவில் இறங்கலாம். ஸ்ப்ளிட் ராக் க்ரீக் என்ற ஓடை இரண்டு பக்கமும் பாறைச்சுவர் நிற்க அமைதியாக ஓடும். அந்த ஊரிலேயே ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. 1876-ல் வங்கிக் கொள்ளை முயற்சிக்குப் பிறகு தப்பி ஓடிய ஜெஸ்ஸி ஜேம்ஸ் குதிரையோடு அதைத் தாண்டினான் என்பது ஊர்க்கதை. நின்று பார்த்துவிட்டு நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காதோரம், கழுத்தோரம் பாருங்கள். பைசனுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அது சாதுவாக மேயும், ஆனால் குதிரை வேகத்தில் ஓடும். ஃபால்ஸ் பார்க்கில் ஈரப்பாறை கண்ணாடி மாதிரி வழுக்கும். அங்கே விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. குற்றாலத்து நினைப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க இறங்கிவிடாதீர்கள். என் அப்பாவுக்கு அதுதான் பெரிய குறை. "குளிக்க முடியாத அருவி என்னடா அருவி!" என்று ஊருக்குத் திரும்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாஸ்டலுக்குப் பின்னால்

இப்போது என் விண்ணப்பம். நம் ஆண்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலை எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அங்கே நடந்து நடந்து படித்திருக்கிறோம். அந்த நிலத்தைச் சமன் செய்து, ஆழ்துளைக் கிணறு போட்டு, லான் புல்லும் அழகு மரங்களும் வைத்து வளாகத்தைப் பசுமையாக்குவது என்று சங்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. பணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. திட்டம் போட்ட அண்ணாச்சிமார்களின் மனசு எனக்குத் தெரியும். வெயிலில் வரும் பிள்ளைகளுக்கு நிழல் வேண்டும் என்ற அக்கறைதான். அதனால் இதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரம் இல்லாத நிலத்துக்கு நம் வருவாய்ப் பதிவேடு வைத்திருக்கும் பெயர் தரிசு. பெயரே தீர்ப்பு மாதிரி இருக்கிறது. நீலகிரியில் மேல்மலைப் புல்வெளிகளை இப்படித்தான் சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணி, வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். இன்றைக்கு வாட்டிலைப் பிடுங்கிவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். நட்டதை விடப் பிடுங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நேற்றுக் காலையில் நான் அந்தப் பொட்டலில் ஒரு மணி நேரம் நடந்தேன். ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. கவுதாரி கத்திக்கொண்டு ஓடியது. ஆட்காட்டி ஒன்று என்னைத் துரத்தியே விட்டது, பக்கத்தில் எங்கேயோ குஞ்சு இருக்க வேண்டும். வடகோடியில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது பார்த்திருக்கிறோமா? மெஸ் கிணறு கோடையிலும் வற்றாததற்கும் அந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டா? சமன் செய்த பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

நான் கேட்பது ஒரே ஒரு வருஷம். காற்றாலைக்கு அளப்பது போல ஒரு வருஷம் அளப்போம். சிவில் மாணவர்கள் நிலமட்டமும் தண்ணீர் மட்டமும் எடுக்கட்டும். தாவரவியல் ஆசிரியர் ஒருவரைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து அழைத்து என்னென்ன புல் இருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். பறவை பார்க்கப் பிள்ளைகளே போதும். ஒன்றும் செய்யாமல் இருப்பது என்றும் இதற்கு அர்த்தமில்லை. ப்ரெய்ரியில் அவர்கள் தீ வைத்தும் களை பிடுங்கியும் வருஷம் முழுக்கப் பாடுபடுகிறார்கள். நாமும் ஓரத்தில் நுழைந்திருக்கும் சீமைக் கருவேலை வேரோடு எடுப்போம். நிழல் மரங்களை மெயின் கேட்டிலிருந்து ஹாஸ்டல் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் வைப்போம், வேம்பும் புங்கனும். பொட்டலைச் சுற்றி ஓர் ஒற்றையடிப் பாதை, சும்மா ஆள் நடக்கிற அளவுக்கு. அந்தப் பாதைக்கும் மரக்கன்றுகளுக்கும் ஆகும் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. கூட்டாளிகளிடம் நேற்று ராத்திரியே கையெழுத்து வாங்கிவிட்டேன்.

வருஷம் முடிந்து பார்த்துவிட்டு, லான்தான் வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தால் முதல் மண்வெட்டியை நானே பிடிக்கிறேன். அதற்கு முன்னால், இன்று கூட்டம் முடிந்ததும், சாப்பாட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று மெஸ் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் என்னோடு பின்பக்கம் வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஊசிப்புல் குத்தும்.